அப்பாவின் பத்மினியை மகளோடு சேர்ந்து ஓட வைக்க முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: அப்பா விட்டுச் சென்ற 1979 பிரீமியர் பத்மினி, திருச்சி வீட்டுக் கொட்டகையில் பத்து வருடத்துக்கும் மேலாக அசையாமல் நிற்கிறது. பன்னிரண்டு வயது மகள், நாமே சேர்ந்து சரிசெய்யலாம் என்கிறாள். பெரிய மெக்கானிக் அனுபவம் கிடையாது. வீட்டிலேயே முடியுமா, எதில் தொடங்குவது, எவ்வளவு ஆகும்?

முடியும். ஆனால் யூடியூபில் பார்த்த மாதிரி காரை முழுக்கப் பிரித்து, வெறும் கூடாக்கி, கடைசி நட்டு வரை புதிதாக்கும் யோசனை இருந்தால் அதை இப்போதே தள்ளி வையுங்கள். ஆள் வைத்து நடத்தும் பட்டறைக்குத்தான் அது சரிப்படும். வீட்டில் பிள்ளையோடு செய்யும்போது வேலையின் வரிசையைக் காரின் நிலைமை தீர்மானிக்கக் கூடாது, பிள்ளையின் பொறுமைதான் தீர்மானிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து பாதியில் நின்றுபோய், கடைசியில் எடைக்குப் போன கார்களில் அநேகம் எடுத்த எடுப்பிலேயே முழுதாகப் பிரிக்கப்பட்டவை. நாலைந்து அட்டைப்பெட்டி நிறைய உதிரிபாகம் கிடந்தால் பெரியவர்களுக்கே சலித்துவிடும், பன்னிரண்டு வயதுக்குச் சொல்ல வேண்டுமா? அதனால் என் வரிசை இப்படி: முதலில் இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும். அடுத்து பிரேக் பிடிக்க வேண்டும். அப்புறம் கார் காம்பவுண்டுக்குள் நாலடி முன்னும் பின்னும் போக வேண்டும். தகடு, பெயிண்ட், சீட் எல்லாம் அதற்குப் பிறகு. எந்தக் கட்டத்திலும் ஒரு சமயத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள். அதை மாட்டி முடித்த பிறகே அடுத்ததில் கை வையுங்கள்.

கார் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். பத்மினி என்பது இத்தாலியில் 1962-ல் வந்த பியட் 1100டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதைத் தயாரித்தது, 1974-லிருந்து பத்மினி என்ற பெயரில். 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். கம்ப்யூட்டர் என்று ஒன்றும் இல்லை. எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். பம்பாயில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் இருபது வருட வரம்பு முடிந்து ரோட்டைவிட்டு இறங்கியது. பல ஆயிரம் டாக்ஸிகளுக்குப் பொருள் விற்ற கடைகள் இருந்ததால் இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் தேடுங்கள், அங்கே இல்லாவிட்டால் குர்லா சி.எஸ்.டி. ரோடு. போகும்போது பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். போனில் பெயர் சொல்லிக் கேட்டால் வேறு வருடத்து மாடலுக்கானது வந்து சேரும்.

(இதே கேள்வியை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்திருக்கும். சென்னையிலேயே செய்த கார் அது. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். பிள்ளை டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம். பாகம் கிடைப்பதுதான் பாடு.)

ஸ்பேனரைத் தொடும் முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் இருப்பவைதானா என்று ஒத்துப் பாருங்கள். உங்கள் மகள் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் பிரதி எடுக்கட்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அப்படித்தான் எடுப்பார்கள். பின்னாளில் துருத் தேய்க்கும்போது அந்த எண்ணின் மேல் மட்டும் உப்புத்தாள் படக் கூடாது. எண் அழிந்தால் காகிதத்தில் கார் இல்லை.

இரண்டாவது, ஒரு திருப்புளியும் ஒரு காந்தமும் எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வாருங்கள். பத்மினிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடம்பேதான் எலும்பு. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, மிதியடிக்குக் கீழே தரை, சக்கரத்துக்கு மேல் வளைவு, பேட்டரி உட்காரும் தட்டு, டிக்கியின் அடி ஆகியவற்றைத் திருப்புளியால் அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் துரு தின்றுவிட்டது. காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) கனமாக அப்பியிருக்கிறது. கண்ட இடத்திலெல்லாம் மகள் சாக்பீஸால் வட்டம் போடட்டும். கதவு, மட்கார்டில் ஓட்டை என்றால் பயமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். கதவுக்கு அடிப்பகுதியும் ஸ்பிரிங் மாட்டும் இடமும் போயிருந்தால் என் வரிசையை மறந்துவிட்டு தகடு வேலை செய்யும் நல்ல டிங்கர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அந்த நிலையில் ஜாக்கி வைப்பதே ஆபத்து.

சரி, இன்ஜின். பத்து வருடம் நின்ற இன்ஜினுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டு உடனே செல்ஃப் அடித்தால் காய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் ரிங் உரசிக் கோடு விழும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். அதற்குள் அடியில் இருக்கும் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றலாம். பிறகு பிளக் இல்லாமலேயே டாப் கியரில் போட்டு, சமதளத்தில் காரை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். சக்கரம் சுற்றினால் இன்ஜினும் சுற்ற வேண்டும். ஃபேன் அசைகிறதா என்று மகள் தள்ளி நின்று பார்த்துச் சொல்லட்டும். பிரேக் இன்னும் வேலை செய்யாது என்பதை மறக்க வேண்டாம், டயருக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை தயாராக இருக்கட்டும். அசையாவிட்டால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஆயில் விட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

பிளக்கைத் திரும்ப மாட்டும் வேலையை மகளிடம் விடுங்கள், ஆனால் கையால் மட்டும். இந்த இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியம். ஸ்பேனர் போட்டு ஆரம்பித்தால், கோணலாக ஏறிய பிளக் மரையை அழித்துவிடும். கையால் கடைசி வரை சுழன்று இறங்கினால்தான் மரை சரியாகச் சேர்ந்திருக்கிறது. சின்ன விரல்களுக்கு இது பெரியவர்களைவிட நன்றாக வரும்.

இனி இன்ஜினுக்கு வேண்டியது தீப்பொறி, பெட்ரோல், காற்று. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்டைக் காட்டுங்கள். வருடக்கணக்கில் நின்றதால் அதில் ஒரு படலம் பிடித்திருக்கும். மெல்லிய உப்புத்தாளை இடையில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டி, அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க நல்ல இடம் இது. பிளக் ஒயர்களைக் கழற்றும் முன்பே எண் எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த இன்ஜினின் சிலிண்டர்களில் தீப்பிடிக்கும் வரிசை 1, 3, 4, 2. அதை மாற்றிப் போட்டால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டர் வழியாகத் தும்மும்.

அதோடு டேப்பெட் வைக்கும் வேலையையும், அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வதையும், சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என் மகனை இந்தக் காரோடு ஒட்ட வைத்தது இதுதான். இரண்டு வால்வும் ஒரே சமயத்தில் ஆடும் நிலையில் ஒரு சிலிண்டர் இருக்கும்போது அதன் ஜோடி சிலிண்டரின் டேப்பெட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். ஜோடியைக் கண்டுபிடிக்கக் கூட்டல் தெரிந்தால் போதும், கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டும். ஒன்று ஆடினால் நாலு, மூன்று ஆடினால் இரண்டு. ஏன் ஐந்து என்று பிள்ளை கேட்கும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் படத்தை வரைந்து, ஒன்றும் நாலும் சேர்ந்து ஏறும், இரண்டும் மூன்றும் சேர்ந்து ஏறும் என்று காட்டினால் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் அன்றைக்கே புரிந்துவிடும். பள்ளிப் புத்தகத்தில் அதே படம் வரும்போது அவளே வகுப்பில் விளக்குவாள்.

டேங்கில் கிடக்கும் பெட்ரோலை நம்பாதீர்கள், அது இப்போது கோந்து. டேங்கைக் கழற்றி ரேடியேட்டர் வேலை செய்யும் கடையில் கொடுத்துக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் வீட்டில் பற்றவைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், காலி டேங்கில் மிஞ்சும் ஆவிதான் வெடிக்கும். முதல் முறை ஸ்டார்ட் செய்ய ஒரு சின்ன கேனிலிருந்து தனிக் குழாய் விட்டால் போதும். சோலெக்ஸ் கார்ப்பரேட்டரை நீங்கள் கழற்றிக் கொடுங்கள், மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து மகள் பிரிக்கட்டும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது போனில் ஒரு படம். பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். கழுவி, காற்றால் ஊதினால் போதும். பெட்ரோலில் கழுவும் பகுதி உங்களுடையது, வெளியில், வெயிலில், அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தூரமாக.

இங்கே 1979-ல் இல்லாத ஒரு சிக்கல். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாயையும், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் படலமான டயாபிரத்தையும் அது மெல்ல மெல்ல ஊறவைத்துக் கரைக்கும். ஈரத்தையும் இழுக்கும். ஆகவே குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள், டயாபிரமும் புதிது. காரை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோல் தேங்க விடாதீர்கள். பெட்ரோல் சொட்டு சூடான இன்ஜினில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்பான் ஒன்று வாங்கி, கொட்டகையின் உள்மூலையில் வைக்காமல் வாசலில் வையுங்கள்.

இன்ஜின் பிடித்துக்கொண்டால் முதல் பத்து நிமிடம் புகையாய்க் கக்கும். ஊற்றிய ஆயில்தான் அது, பதற வேண்டாம். கொட்டகைக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் கண் மட்டும் ஆயில் விளக்கிலும் டெம்பரேச்சர் முள்ளிலும் இருக்கட்டும். ஆயில் விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். சூடு ஏறினால் அலுமினிய ஹெட் வளையும், அதனால் ரேடியேட்டரைக் கழுவி ஹோஸ் மாற்றாமல் நீண்ட நேரம் ஓட விட வேண்டாம். அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். தாத்தாவோடு அந்தக் காரில் போன சொந்தக்காரர்களுக்கு வீடியோ கால் போடவே நேரம் சரியாக இருக்கும்.

அடுத்து பிரேக். இதில் ஒரு பகுதி பிள்ளைக்குக் கட்டாயம் கூடாது, இன்னொரு பகுதி பிள்ளை இல்லாமல் நடக்காது. டிரம்மைத் திறந்தால் உள்ளே கருப்பாகத் தூசி. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஏர் அடித்து ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம், அதைச் செய்யவே செய்யாதீர்கள். முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்து, ஈரமான பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அதைக் கவரில் கட்டிப் போடுங்கள். அது முடியும் வரை மகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். சக்கரத்தில் இருக்கும் வீல் சிலிண்டர், பிரேக் மிதி தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றின் ரப்பர்கள், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாக இருக்கட்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பதுதான் அவளுடைய வேலை. அவள் டிரைவர் சீட்டில், நீங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும், "பிடி" என்றால் மிதித்தபடியே வைத்திருக்க வேண்டும். நீங்கள் சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடியபின் "விடு". மூடும் முன் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போகும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தொலைவில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் இருப்பதில் முடியுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மிதி கல்லு மாதிரி நிற்கும்போது அதை முதலில் உணர்வது அவள் கால்தான்.

காருக்கு அடியில் போவது பற்றி ஒரே விதி. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. நாலு நல்ல இரும்பு ஸ்டாண்ட் வாங்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம், அவை சொல்லாமல் உடையும். ஸ்டாண்ட் வைத்த பிறகும் பிள்ளை அடியில் போகக் கூடாது.

வயரிங் உங்கள் இருவருக்கும் நிதானமான வேலை. எலி கடித்த இடங்களைத் தேடி, பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் மாட்டி டெஸ்ட் லாம்ப் செய்துகொண்டால் பாதி கண்டுபிடித்துவிடலாம். மீதியை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

துரு எடுப்பதில் ஒரு நல்ல வேதியியல் பாடம் இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா. துருப்பிடித்த இரும்புப் பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் மாட்டுங்கள், ஒரு பழைய கட்டுக்கம்பித் துண்டைப் பாசிட்டிவில். இரண்டும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்க வேண்டும். மறுநாள் துரு சேறாக உதிரும். பாசிட்டிவில் எவர்சில்வர் ஸ்பூன் மாட்டாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீரை விஷமாக்கும். மேலே வரும் குமிழி ஹைட்ரஜன், அதனால் திறந்தவெளியில் மட்டும். சுவிட்சை அணைத்த பிறகே வாளியில் கை. அலுமினியம், குரோம் பூசியவை, ஸ்பிரிங், பிரேக் பாகம் எதையும் இதில் போட வேண்டாம். சின்ன நட்டு போல்ட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. புளி கரைத்த தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கழுவித் துடைத்து ஆயில் தடவினால் போதும்.

டிங்கரிங்கையும் பெயிண்டையும் வெளியே கொடுங்கள். வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். இன்றைய டூ-கே பெயிண்டில் கலக்கும், அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி தாங்காது. பட்டி தேய்ப்பதை மட்டும் வாட்டர் பேப்பர் போட்டு நீங்கள் இருவரும் செய்யலாம். நிறத்தை மகள் தேர்ந்தெடுக்கட்டும். ஆர்.சி.யில் இருக்கும் நிறத்திலிருந்து மாறினால் ஆர்.டி.ஓ.வில் அதைப் பதிய வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பழைய நிறமே வேண்டும் என்றால் கிளவ் பாக்ஸுக்கு உள்ளே பாருங்கள், வெயில் படாத அசல் நிறம் அங்கே இருக்கும்.

செலவு. இன்ஜினை உள்ளே திறக்கத் தேவையில்லை என்றால், ஐந்து டயர், பேட்டரி, பிரேக், ரப்பர், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து ஓடும் நிலைக்கு வர அரை லட்சம் ரூபாயை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்யும்படி ஆனால் அது தனி. டிங்கரிங், பெயிண்ட், குரோம் மூன்றும் சேர்ந்தால் இதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டுவது சாதாரணம், போட்ட பணம் விற்றால் திரும்பாது. டயரில் பட்டன் (மேல் வெட்டு) நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வருடத்து டயர் ஓடுவதற்கு இல்லை, தள்ளுவதற்குத்தான்.

காகித வேலையை மெக்கானிக் வேலையோடு கூடவே நகர்த்துங்கள். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுக்கு மாற்ற படிவம் 31. டெல்லியைப் போல 15 வருடத்துப் பெட்ரோல் காருக்குத் தடை தமிழ்நாட்டில் இல்லை, ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காரைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது, பசுமை வரி தனி. 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருடம் ஆன வண்டிகளுக்குத்தான், உங்கள் காருக்கு அது 2029-ல் பொருந்தும். அப்போதும் அவசரப்பட வேண்டாம், விண்டேஜ் என்று பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட அனுமதி இல்லை.

இன்னும் ஒன்று, அவள் கேட்கப்போகிறாள். காம்பவுண்டுக்குள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கியரில் நகர்த்தக் கற்றுக்கொடுங்கள், தப்பில்லை. கேட்டைத் தாண்டக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, காரின் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்து. ரோட்டில் அவள் பக்கத்து சீட்டில்தான். 1979 பத்மினியில் சீட் பெல்ட் இருக்காது, பெயிண்டுக்குப் போகும் முன்பே காரின் தரையிலும் கதவுத் தூணிலும் கனமான தகடு வைத்து பெல்ட் மாட்டும் இடத்தை டிங்கரிடம் சொல்லிப் பற்றவைத்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு அந்த வேலைக்கு யாரும் கை வைக்க மாட்டார்கள்.

திருப்புளியோடு ஒரு சுற்று வந்துவிட்டு, கதவுக்கு அடிப்பகுதி எப்படி இருக்கிறது, ஃபேன் அசைகிறதா என்று இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். மேற்கொண்டு என்ன வாங்குவது என்பதை அதற்குப் பிறகு பேசலாம், அதுவரை ஒரு பாகமும் வாங்க வேண்டாம்.